புரவலரிடம் பேசுதல்

நுழையும்முன்

ஒரு மென்பொருளை உலகின் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகின்றனர். அதற்குத் தேவையான கணினிகளையும் பொருளையும் ஒரு வணிக நிறுவனம் வழங்குகிறது. தன்னார்வலர்கள் தேர்ந்தெடுத்த குழு அந்நிறுவனத்திடம் ஒரு வினாவைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறது. மாதங்கள் செல்கின்றன, விடை வரவில்லை. அந்நிலையில் அக்குழு என்ன செய்ய இயலும்? 2010ஆம் ஆண்டில் எழுந்த இவ்வினாவையும் அதன் விளைவுகளையும் இப்பாடம் விளக்குகிறது.

கொடுப்பவரும் கொள்பவரும்

கணினிக்கு மனிதர் இடும் கட்டளைகளின் எழுத்து வடிவமே மூல நிரல். வணிக நிறுவனங்கள் பலவும் இதனை வெளியிடுவதில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு அதன் செய்முறையைத் தம் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட பழைய வைத்தியர்களைப் போன்றவை அவை. திறந்த மூல மென்பொருளின் இயல்பு இதற்கு மாறானது. அதன் நிரலை எவரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்.

இத்தகைய மென்பொருள்கள் யாவும் ஊதியமின்றி எழுதப்பட்டவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் பல்லாயிரம் மணிநேர உழைப்பு வேண்டும். எழுதிய நிரலைச் சேர்த்து வைக்கச் சேவையகங்களும் அதனைச் சோதித்துப் பார்க்கப் பலவகைக் கணினிகளும் வேண்டும். பெரிய திட்டங்களில் இச்செலவின் பெரும்பகுதியை ஒரு நிறுவனமோ சில நிறுவனங்களோ ஏற்கின்றன. அவற்றின் பொறியாளர்களே நிரலின் கணிசமான பகுதியை எழுதுவதும் உண்டு. இவ்வாறு பொருளும் ஆளும் தந்து திட்டத்தைத் தாங்கும் நிறுவனத்தைப் புரவலர் நிறுவனம் எனலாம்.

சங்ககாலப் புரவலர் புகழை விரும்பிக் கொடுத்தனர். இக்காலப் புரவலர் நிறுவனம் வணிகப் பயனை எண்ணிக் கொடுக்கிறது. அதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆயினும், பயன் குறைந்ததென நிறுவனம் எண்ணும் நாளில் கொடையும் குறையும். நிறுவனத்தை வேறொருவர் விலைக்கு வாங்கினால் பயனைப் பற்றிய கணக்கே மாறிவிடும்.

நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் தனித்தனியே நிறுவனத்துடன் பேச இயலாது. ஆகவே, அவர்கள் தமக்குள் சிலரைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆட்சிக்குழுவை அமைக்கின்றனர். சமூகத்தின் தேவையை நிறுவனத்துக்கு எடுத்துரைப்பதும், நிறுவனத்தின் முடிவைச் சமூகத்துக்கு விளக்குவதும் அக்குழுவின் கடமை. சொல்வதற்கு எளிய பணிதான். குழுவின் சொல்லுக்குப் பின்னால் என்ன வலிமை இருக்கிறது என்று கேட்கும்போதுதான் இதன் கடுமை புலப்படும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு திறந்த மூல மென்பொருளில் மூவகை உரிமைகள் உள்ளன. நிரலை எழுதியவர்க்கு உரியது பதிப்புரிமை. அந்நிரலைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் எனப் பதிப்புரிமையாளர் எழுதித்தரும் இசைவு, உரிமம். மென்பொருளின் பெயரும் சின்னமும் வணிகக்குறி. திறந்த உரிமம் நிரலைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் அனைவர்க்கும் தருகிறது. பெயரைப் பயன்படுத்தும் உரிமை அதனுள் அடங்காது.

சன் நிறுவனமும் ஓப்பன்சோலாரிஸும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பயன்படுத்தும் பெரிய கணினிகளை உருவாக்கி விற்றது. அவற்றை இயக்கிய தளத்தின் பெயர் சோலாரிஸ். லினக்ஸ் இயங்குதளம் விரைந்து பரவத் தொடங்கியபோது சோலாரிஸின் சந்தை சுருங்கியது. தன் இயங்குதளத்தையும் திறந்த மூலமாக்கினால் உலகெங்கும் உள்ள வல்லுநர்களை ஈர்க்கலாம் எனச் சன் கருதியது. 2005 ஜூன் 14 அன்று சோலாரிஸ் மூல நிரலின் பெரும்பகுதி திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. இவ்வாறு தொடங்கிய திட்டம் ஓப்பன்சோலாரிஸ் என்று பெயர்பெற்றது.

நிரலை வெளியிட்டதோடு சன் நின்றுவிடவில்லை. சமூகம் தன்னைத்தானே ஆள வேண்டும் என்று ஒரு பட்டயம் வழங்கியது. அதன் அடிப்படையில் அமைப்புச்சட்டம் ஒன்று எழுதப்பட்டு, 2007ஆம் ஆண்டு உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் தேர்தல், ஏழு உறுப்பினர் கொண்ட ஆட்சிக்குழு, முறையான கூட்டங்கள், கூட்டக்குறிப்புகள் என ஒரு சிறு குடியரசின் உறுப்புகள் அனைத்தும் அதில் இருந்தன.

எனினும், இக்குடியரசுக்குச் சொந்த நிலம் இல்லை. சேவையகங்கள் சன்னுக்கு உரியவை. ஓப்பன்சோலாரிஸ் என்னும் வணிகக்குறியும் சன்னுக்கே உரியது. நிரலை எழுதியவருள் மிகப்பலர் சன்னில் ஊதியம் பெற்றவர்கள். வெளியிலிருந்து நிரல் எழுதித் தருவோர் தம் பதிப்புரிமையைச் சன்னுடன் பகிர்ந்துகொள்வதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதன்படி அவர்கள் எழுதியதைச் சன் எந்த உரிமத்தின்கீழும் வெளியிடலாம், வெளியிடாமலும் இருக்கலாம். ஆட்சிக்குழு இல்லாத நிலை ஏற்பட்டால் புதிய குழுவை அமர்த்தும் பொறுப்பு நிறுவனத்தையே சேரும் என்றொரு விதியும் பட்டயத்தில் இடம்பெற்றிருந்தது. நல்லுறவு நிலவிய காலத்தில் இவ்விதிகளை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

பெயரால் வந்த பிணக்கு

உறவின் முதல் விரிசல் பெயரைப் பற்றியது. 2007ஆம் ஆண்டு, டெபியன் லினக்ஸைத் தோற்றுவித்த இயான் மர்டாக் சன்னில் பணியேற்றார். பொதுமக்கள் எளிதில் நிறுவிப் பயன்படுத்தத்தக்க ஓர் இயங்குதளத் தொகுப்பை உருவாக்கும் முயற்சியை அவர் முன்னின்று நடத்தினார். அத்தொகுப்பின் முன்னோட்டப் பதிப்பு 2007 அக்டோபர் இறுதியில் ஓப்பன்சோலாரிஸ் என்னும் பெயராலேயே வெளிவந்தது. அதே மூல நிரலைக்கொண்டு வேறு தொகுப்புகளை உருவாக்கியவர்களும் அச்சமூகத்தில் இருந்தனர். எல்லார்க்கும் பொதுவான பெயரை ஒரு தொகுப்புக்கு மட்டும் சூட்டலாமா என்பது அவர்களின் வினா. பெயர்சூட்டும் முடிவு ஆட்சிக்குழுவைக் கலந்து எடுக்கப்பட்டதன்று.

அமைப்புச்சட்டத்தை வரைந்தவர்களுள் ஒருவர் ராய் ஃபீல்டிங். உலகளாவிய வலையின் அடிப்படையான எச்.டி.டி.பி. நெறிமுறையை எழுதியோருள் ஒருவராகவும், அப்பாச்சி அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவராகவும் அறியப்படுபவர். 2008 பிப்ரவரியில் அவர் ஓப்பன்சோலாரிஸ் சமூகத்திலிருந்து விலகினார். நிறுவனம் தானே முடிவெடுப்பதை அவர் குற்றமாகக் கூறவில்லை. சமூகமே முடிவெடுக்கிறது என்று சொல்லிக்கொண்டு நிறுவனம் முடிவெடுப்பதையே அவரால் ஏற்க இயலவில்லை. உண்மை நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் வழியைத் தேர்ந்துகொள்வர் என்பது அவர் நிலைப்பாடு. ஈராண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது, அவர் விலகலைச் சினத்தின் விளைவாகக் கொள்வதைவிட முன்னறிவிப்பாகக் கொள்வதே பொருந்தும்.

மௌனத்தின் மாதங்கள்

2009 ஏப்ரலில் சன் நிறுவனத்தை 7.4 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக ஆரக்கிள் நிறுவனம் அறிவித்தது. 2010 ஜனவரி இறுதியில் அவ்விற்பனை நிறைவேறியது. ஓப்பன்சோலாரிஸின் புரவலர் ஒரே நாளில் மாறினார். சன்னுடன் பேசிப் பழகிய குழுவினர்க்கு, ஆரக்கிளில் யாரிடம் பேசுவது என்பதே தெரியவில்லை. பழைய அதிகாரிகள் பலர் நிறுவனத்தை விட்டுச் சென்றிருந்தனர். இருந்தவர்களுக்கும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதில் தெளிவில்லை.

பிப்ரவரி இறுதியில் நடைபெற்ற சமூகத்தின் ஆண்டுக்கூட்டத்தில் ஆரக்கிள் அதிகாரி ஒருவர் பங்கேற்றார். ஓப்பன்சோலாரிஸ் தொடரும் என்றார். சில பகுதிகளைத் திறந்த மூலமாக்காமல் விடவும் நிறுவனம் முடிவு செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதன் பிறகு தெளிவான செய்தி எதுவும் வரவில்லை. 2009 ஜூனுக்குப் பின் அடுத்த பதிப்பு 2010 மார்ச்சில் வெளிவரும் என எதிர்பார்க்கப்பட்டது. மார்ச் கடந்தது, ஏப்ரல், மே, ஜூன் மாதங்களும் கடந்தன. பதிப்பு வரவில்லை; தாமதத்துக்கான விளக்கமும் இல்லை.

இம்மௌனம் யாரைத் தாக்கியது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஓப்பன்சோலாரிஸை நம்பித் தம் கணினிகளில் நிறுவியவர்கள் அதனைத் தொடர்வதா, வேறு தளத்துக்கு மாறுவதா என முடிவெடுக்க இயலாமல் தவித்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு தொழில் நடத்திய சிறு நிறுவனங்கள் வாடிக்கையாளர்க்கு உறுதி கூற இயலவில்லை. மாலை நேரங்களையும் விடுமுறை நாள்களையும் செலவிட்டு நிரல் எழுதிய தன்னார்வலர்களோ, தம் உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்று அறியாதிருந்தனர். மறுப்பாக ஒரு சொல் வந்திருந்தால்கூட இவர்கள் தத்தம் வழியைப் பார்த்திருப்பர்.

ஆட்சிக்குழு கேட்டது

2010 ஜூலை 12 அன்று கூடிய ஆட்சிக்குழு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 16ஆம் நாளுக்குள், ஓப்பன்சோலாரிஸின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச அதிகாரம் பெற்ற தொடர்பாளர் ஒருவரை ஆரக்கிள் அமர்த்த வேண்டும் என்று அது கோரியது. அவ்வாறு அமர்த்தாவிடில், ஆகஸ்டு 23 கூட்டத்தில் பட்டயத்தின் விதியைப் பயன்படுத்தி, சமூகத்தின் பொறுப்பை ஆரக்கிளிடமே திருப்பி ஒப்படைக்கப்போவதாகவும் அறிவித்தது.

இத்தீர்மானத்தின் சொற்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பணம் கேட்கவில்லை, புதிய பதிப்பும் கேட்கவில்லை, நிறுவனம் தன் கொள்கையை மாற்ற வேண்டும் என்றும் கேட்கவில்லை. பேசுவதற்கு ஓர் ஆளைத்தான் கேட்டது. அந்த ஆளுக்கும் ஓர் அடைமொழி உண்டு: அதிகாரம் பெற்றவர். திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரை இருவகையாகப் பிரிக்கிறார். தானே சூழலறிந்து வகுத்துச் சொல்பவர் ஒருவகை. சொல்லியனுப்பியதை மட்டும் சொல்பவர் மற்றொரு வகை. கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் கூறத்தக்கவர் எத்தனை பேர் வந்தாலும் பேச்சு ஓரடி நகராது என்பதை ஆட்சிக்குழு பட்டறிவால் உணர்ந்திருந்தது. அது வேண்டியது முதல்வகைத் தூதரை.

இத்தீர்மானத்தில் ஒரு முரணும் உள்ளது. எச்சரிக்கை என்பது எதிர்த்தரப்புக்கு ஓர் இழப்பைக் காட்டுவது. இங்கே குழு காட்டிய இழப்பு யாருடையது? சமூகத்தின் பொறுப்பைத் திருப்பித் தந்துவிடுவோம் என்பது, பெறப்போகும் நிறுவனத்தை அச்சுறுத்தக்கூடியதன்று. ஆரக்கிளிடம் பெயரும் சேவையகமும் பதிப்புரிமையும் ஏற்கெனவே இருந்தன. குழுவிடம் இருந்தவை தேர்தல் முறையும் கூட்டக்குறிப்பேடும் மட்டுமே. ஆகவே, இது வலிமையற்ற எச்சரிக்கை என அன்றே பலர் கருதினர்.

அக்கருத்து சரியானதே. எனினும், அத்தீர்மானம் வீணானது என்று முடிவு கட்டிவிட இயலாது. எல்லையற்ற காத்திருப்புக்கு அது ஒரு நாளைக் குறித்தது. அதுவரை நிறுவனத்தின் மௌனத்தை, வேலைமிகுதி என்றும் மறதி என்றும் எப்படியும் பொருள்கொள்ளலாம் என்றிருந்தது. நாள் குறித்த பின் மௌனமும் ஒரு விடையாகிவிட்டது. தீர்மானம் ஆரக்கிளுக்கு எழுதப்பட்டதாயினும், அதனால் பயன்பெற்றவர்கள் இனி என்ன செய்வது எனத் திகைத்திருந்த சமூகத்தினரே.

ஆகஸ்டு 13

குறித்த கெடுவுக்கு மூன்று நாள்களுக்கு முன், ஆகஸ்டு 13 வெள்ளிக்கிழமை, ஆரக்கிள் தன் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பை அனுப்பியது. சோலாரிஸின் மூல நிரலை அன்றாடம் வெளியிடும் வழக்கம் இனி இல்லை; முழுப் பதிப்புகள் வெளிவந்த பின்னரே நிரல் வெளியிடப்படும்; ஓப்பன்சோலாரிஸ் தொகுப்பின் புதிய பதிப்பும் இனி வராது என்பது அதன் சாரம். பொறியாளர்களின் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது. தன் புதிய நுட்பங்களைத் தான் விற்கும் முன்னரே போட்டியாளர்கள் பெற்றுவிடக்கூடாது என்னும் காரணங்களும் சொல்லப்பட்டிருந்தன. வணிக நோக்கில் இவை பொருளற்ற காரணங்கள் அல்ல.

அக்குறிப்பு ஊழியர்களுக்கானது. விரைவில் அது வெளியே கசிந்தது. ஐந்தாண்டுகளாகக் கூட்டாளி என்று அழைக்கப்பட்ட சமூகமும், அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்குழுவும், தம் திட்டத்தின் முடிவைப் பிறர்க்கு எழுதிய மடலின் வாயிலாகவே அறிந்தனர். நிறுவனம் எடுத்த முடிவைவிட அது வந்து சேர்ந்த வழியே பலரைப் புண்படுத்தியது. நிரலை மூடும் உரிமை ஒப்பந்தப்படி ஆரக்கிளுக்கு இருந்தது. அதனை நேரில் சொல்ல ஒருவரை அனுப்புவதற்கும் தடையேதும் இல்லை.

ஆகஸ்டு 23 அன்று ஆட்சிக்குழு கூடியது. தொடர்பாளரை அமர்த்தக் கோரிய வேண்டுகோள்கள் புறக்கணிக்கப்பட்டதையும், கூட்டுமுயற்சியை நிறுவனம் ஒருதலையாக முடித்துக்கொண்டதையும், நிறுவனத்தின் பங்கேற்பு இன்றி இக்குழுவுக்குப் பொருளில்லை என்பதையும் முறையாகப் பதிவு செய்தது. உறுப்பினர் அனைவரும் ஒருங்கே பதவி விலகினர். அடுத்த குழுவை அமர்த்தும் பொறுப்பு பட்டயப்படி ஆரக்கிளைச் சேர்ந்தது. ஆரக்கிள் எவரையும் அமர்த்தவில்லை. 2011 நவம்பரில் சோலாரிஸ் 11 வெளிவந்தபோது அதன் உட்கருவின் மூல நிரல் வெளியிடப்படவும் இல்லை.

வேறு வாயில்

பரிசில் தரக் காலம் நீட்டித்த அதியமானின் வாயிற்காவலனை விளித்து ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. கோடரியுடன் காட்டுக்குச் செல்லும் தச்சனின் பிள்ளைகளுக்கு எந்தக் காடும் பயன்தருவதுபோல, கலை கற்றவர்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்பது அப்பாடலின் கருத்து. ஓப்பன்சோலாரிஸ் சமூகத்தின் கையிலும் அத்தகைய கோடரி ஒன்று இருந்தது. அது திறந்த உரிமம். பெயரைத் திரும்பப் பெறலாம், சேவையகத்தை நிறுத்தலாம், ஏற்கெனவே திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்ட நிரலைத் திரும்பப் பெற இயலாது.

அந்நிரலைப் படியெடுத்துத் தனிவழியில் வளர்ப்பதைக் கிளைத்தல் என்பர். 2010 ஆகஸ்டு 3 அன்றே, அதாவது ஆரக்கிளின் குறிப்பு வெளிவருவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே, இல்லுமோஸ் என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சன் வெளியிட்ட நிரலில் சில பகுதிகள் மூடியவையாகவே இருந்தன. அவற்றைப் புதிதாக எழுதிச் சேர்ப்பது அத்திட்டத்தின் முதற்பணி. செப்டம்பரில் அதனைச் சார்ந்து ஓப்பன்இண்டியானா என்னும் இயங்குதளத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. ஆட்சிக்குழு கலைந்தபோது சமூகத்தின் ஆர்வம் வேறிடங்களுக்குச் சென்றுவிட்டதையும் அதன் தீர்மானம் குறிப்பிடக் காரணம் இதுவே. சன்னில் பிறந்த இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, 2013இல் ஓப்பன்இசட்.எஃப்.எஸ். என்னும் பொதுத்திட்டமாக ஒருங்கிணைந்தது. இன்று அது லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய தளங்களில் பரவலாகப் பயன்படுகிறது.

கிளைத்தல் எளிய வழியன்று. ஊதியம் பெற்று முழுநேரமும் உழைத்த பொறியாளர்கள் எல்லாரும் கிளையோடு வருவதில்லை. பழைய பெயருக்கு இருந்த அறிமுகமும் புதிய பெயருக்கு இராது. எனினும், இவ்வழி திறந்திருக்கிறது என்பதே, புரவலரிடம் பேசும் எந்த ஆட்சிக்குழுவின் சொல்லுக்கும் அடிப்படை வலிமையைத் தருகிறது.

ஓப்பன்ஆபிஸ் கண்ட மாற்றம்

அதே 2010ஆம் ஆண்டில் அதே ஆரக்கிளுடன் மற்றொரு சமூகமும் பேச வேண்டியிருந்தது. ஓப்பன்ஆபிஸ் என்பது ஆவணம் எழுதவும் கணக்கிடவும் நிகழ்த்தல் உருவாக்கவும் உதவும் அலுவலக மென்பொருள். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் இடம்பெற்றுள்ள ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவை இதன் உறுப்புகளே. ஜெர்மனியில் உருவான இதனை 1999இல் சன் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் மூல நிரலைத் திறந்தது. தனியான அறக்கட்டளை ஒன்றை அமைத்து அதனிடம் இதனை ஒப்படைப்பதாகத் தொடக்கத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. பத்தாண்டுகளாக அது நிறைவேறவில்லை.

இச்சமூகத்தினர் விடைக்காகக் காத்திருக்கவில்லை. 2010 செப்டம்பர் 28 அன்று ‘ஆவண அறக்கட்டளை’ என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தாங்களே அறிவித்தனர். அந்த அறிவிப்பிலேயே ஆரக்கிளையும் உறுப்பினராகச் சேர அழைத்தனர். ஓப்பன்ஆபிஸ் என்னும் பெயரை அறக்கட்டளைக்குக் கொடையாக வழங்குமாறும் வேண்டினர். அதுவரை பயன்படுத்தத் தற்காலிகமாகச் சூட்டிய பெயர்தான் லிப்ரெஆபிஸ். கதவை மூடாமலே வெளியேறிய இம்முறை, ஓப்பன்சோலாரிஸ் குழுவின் எச்சரிக்கையைவிட நுட்பமானது. ‘தராவிட்டால் விலகுவோம்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘வந்துவிட்டோம், நீங்களும் வருக’ என்றனர்.

ஆரக்கிள் வரவில்லை. அக்டோபரில் நடந்த ஓப்பன்ஆபிஸ் சமூக மன்றக் கூட்டத்தில், புதிய அறக்கட்டளையில் பங்குகொண்டோர் இரண்டு இடங்களிலும் இருப்பது நலன்முரண் ஆகும் என்றும், அவர்கள் மன்றத்திலிருந்து விலக வேண்டும் என்றும் மன்றத்தின் தலைமையில் இருந்த ஆரக்கிள் ஊழியர் கேட்டுக்கொண்டார். 2011 பிப்ரவரியில் அறக்கட்டளைக்குத் தேவையான 50,000 யூரோ மூலதனத்தைப் பொதுமக்களிடம் வேண்டியபோது எட்டே நாள்களில் அத்தொகை சேர்ந்தது. ஆரக்கிள் அவ்வாண்டு ஏப்ரலில் ஓப்பன்ஆபிஸ் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூனில் நிரலையும் பெயரையும் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தது. ‘தற்காலிகமான’ லிப்ரெஆபிஸ் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று அதன் இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது.

2012இல் பெர்லினில் சட்டப்படி பதிவுபெற்ற இவ்வறக்கட்டளை, பழைய பட்டறிவைத் தன் விதிகளில் எழுதிவைத்தது. ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் ஆட்சிக்குழுவில் பெரும்பான்மை பெற இயலாதவாறு வரம்பு விதித்தது. பொருளுதவி செய்யும் நிறுவனங்களுக்கு ஆலோசனைக்குழு ஒன்றைத் தனியே அமைத்தது. அங்கே அவை கருத்துச் சொல்லலாம். முடிவெடுக்கும் வாக்கு அவற்றுக்கு இல்லை. பெயரும் சேவையகமும் அறக்கட்டளைக்கே உரியவை.

புரவலரின் பிரதிநிதி குழுவுக்குள்ளேயே

எல்லாத் திட்டங்களும் தனி அறக்கட்டளையை நாடுவதில்லை. ஜெர்மனியின் சூசே நிறுவனத்தின் ஆதரவில் 2005இல் தொடங்கிய ஓப்பன்சூசே திட்டம் வேறொரு வழியைக் கையாள்கிறது. அதன் ஆட்சிக்குழுவில் ஐவர் சமூகத்தால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தலைவரை நிறுவனம் அமர்த்துகிறது. தேர்ந்தெடுக்கப்படும் ஐவருள் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் இருவர்க்குமேல் இருக்கலாகாது. சமூகத்தின் நலன்களை நிறுவனத்துக்கு எடுத்துரைப்பது குழுவின் கடமைகளுள் ஒன்றாகவே எழுதப்பட்டுள்ளது.

இதில் ஒரு நன்மை வெளிப்படை. யாரிடம் பேசுவது என்னும் வினாவே எழாது. நிறுவனத்தின் பிரதிநிதி கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார். சூசே நிறுவனம் நோவெல், அட்டாச்மேட், மைக்ரோ ஃபோகஸ் எனப் பலர் கைக்கு மாறியபோதும் இத்திட்டம் அறுபடாமல் தொடர்ந்தது. சிக்கலும் வெளிப்படையே. நிறுவனத்திடம் ஊதியம் பெறும் தலைவர், சமூகத்தின் குறையை நிறுவனத்திடம் எந்த அளவு அழுத்திச் சொல்வார் என்பது அவரவர் மனத்துணிவைப் பொறுத்தது. தலைவரின் நேர்மையில் ஐயம் இல்லாதபோதும், எக்குரல் யாருடையது எனக் கேட்போர் பிரித்தறிய வேண்டியுள்ளது.

2024 ஜூலையில் இவ்வமைப்பும் ஒரு சோதனையைச் சந்தித்தது. வணிகக்குறியின் உரிமையாளரான சூசே நிறுவனம், தன் வணிகப் பெயரோடு குழப்பம் நேராதிருக்க, ஓப்பன்சூசே என்னும் பெயரைக் கைவிடுமாறு சமூகத்தைக் கேட்டுக்கொண்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகிய பெயர் அது. செய்தி கசிந்து வரவில்லை. சமூகத்தின் முன்னிலையில் வேண்டுகோளாகவே வைக்கப்பட்டு, வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. பெயர் மாறினால் புதிய பெயர் யாருக்கு உரியதாகும்? பழைய பெயரைத் தாங்கிய ஆவணங்களையும் சேவையகங்களையும் மாற்றும் உழைப்பை யார் தருவது? திட்டத்தின் ஆட்சிமுறையையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? இவ்வினாக்களைச் சமூகத்தினர் ஆட்சிக்குழுவிடம் எழுப்பினர். குழுவுக்கு அவற்றை நிறுவனத்திடம் எடுத்துச் செல்லும் பணி வந்து சேர்ந்தது.